சரியான கோவம், தப்பான மீட்டிங்: அமெரிக்க வில்லேஜ் கடைத்தெருவுல எதை யாரு முடிவு பண்றாங்க

அமெரிக்காவுல ஒரு பழைய வில்லேஜ்ல குடியிருந்தீங்கன்னா என்னைக்காவது ஒரு நாள் இந்தக் காட்சியைப் பாக்காம இருக்க முடியாது. மெயின் ஸ்ட்ரீட்ல நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற ஒரு செங்கல் கட்டடம், கீழ இருக்கிற கடை பூட்டிக் கிடக்கு, யாரோ அதை வாங்கி பின்னாடி நீட்டிக் கட்டி மேல அபார்ட்மெண்ட் போடணும்னு அப்ளை பண்ணியிருக்கார், வில்லேஜ் ஹால்ல ஹியரிங், நாற்காலி பத்தாம ஜனங்க சுவத்துல சாஞ்சு நிக்கிறாங்க. ஒருத்தர் எந்திரிச்சு டிராஃபிக் தாங்காதுங்கறார், அடுத்தவங்க ஸ்கூல்ல இடமில்லைங்கறாங்க, வயசான ஒருத்தர் இந்தத் தெருவோட முகமே போயிடும்னு தொண்டை அடைக்கப் பேசறார், கைத்தட்டல் காதைப் பிளக்குது. அப்புறம் போர்டு சேர்மன் மைக்கை கிட்ட இழுத்து, "இன்னைக்கு எங்க முன்னாடி இருக்கிறது பின்பக்க இடைவெளி அஞ்சடி குறையலாமா கூடாதாங்கறது மட்டும்தான்"னு சொல்றார். ஹால் முழுக்க முணுமுணுப்பு, எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க, காசு வாங்கிட்டாங்கன்னு.

பெரும்பாலும் யாரும் காசு வாங்கியிருக்க மாட்டாங்க. ஆனா "முன்னாடியே முடிச்சுட்டாங்க"ங்கறது ஒரு வகையில உண்மைதான். அந்தத் தெருவுல அபார்ட்மெண்ட் வரலாமா, எத்தனை மாடி, எத்தனை கார் நிறுத்தணும்ங்கறதெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியோ அம்பது வருஷத்துக்கு முன்னாடியோ, பத்து பேர் கூட வராத ஒரு சாயங்கால மீட்டிங்ல, ஒரு டேபிளா எழுதி ஓட்டுப் போட்டு முடிஞ்சுபோன விஷயம். இந்த ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

முதல்ல வில்லேஜ்னா வயக்காடும் மாட்டுவண்டியும்னு நினைச்சுடாதீங்க. நியூயார்க், ஒஹையோ, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் மாதிரி மாநிலங்கள்ல அது ஒரு சட்ட அந்தஸ்து, நம்ம பேரூராட்சிக்குக் கிட்ட வரும்னு வச்சுக்கலாம், சொந்தமா மேயர் (சில மாநிலத்துல வில்லேஜ் பிரசிடெண்ட்னு பேர்), சொந்தமா சட்டம் போடுற போர்டு, சில இடத்துல சொந்தமா போலீஸ் கூட இருக்கும். ஒஹையோவுல ஜனத்தொகை 5,000 தாண்டிட்டா அது வில்லேஜ் இல்ல, சிட்டி. இந்த மாதிரி குட்டி ஊர்கள் கையில இவ்வளவு அதிகாரம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா அதுக்கும் பதில் ஒரு வில்லேஜ்தான்.

ஒஹையோவுல கிளீவ்லாந்து பக்கத்துல யூக்ளிட்னு ஒரு வில்லேஜ். 1922ல ஊர் முழுக்க சோனிங் போட்டாங்க, இங்க வீடு, இங்க கடை, இங்க ஃபேக்டரின்னு. ஆம்ப்ளர் ரியால்ட்டிங்கற கம்பெனிக்கு அங்க 68 ஏக்கர் இருந்துச்சு, ஃபேக்டரிக்காரங்களுக்கு வித்தா ஏக்கர் 10,000 டாலர் போகும், வீட்டு மனைன்னு ஆக்குனா 2,500 தான்னு சொல்லி கேஸ் போட்டாங்க. 1926ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ங்கற கணக்குல வில்லேஜ் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. தீர்ப்பை எழுதுன நீதிபதி சதர்லேண்ட், பன்னி தொழுவத்துல இருந்தா தப்பில்ல, வரவேற்பறைக்குள்ள இருந்தாதான் தொந்தரவுங்கற மாதிரி ஒரு உவமை சொன்னார், அது இன்னைக்கும் சட்டக் கல்லூரிகள்ல ஓடிக்கிட்டிருக்கு. ஆனா அதே தீர்ப்புல தனி வீடுகள் இருக்கிற ஏரியாவுல வர்ற அபார்ட்மெண்டை ஒட்டுண்ணின்னும் சொன்னாங்க, அந்த வார்த்தையோட வாடை இன்னைக்கு வரைக்கும் எல்லா ஹியரிங்லயும் அடிக்குது. அப்படி பிடிவாதமா காப்பாத்துன அந்த 68 ஏக்கர்ல பின்னாடி ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி வந்துச்சுங்கறது தனிக் கதை.

இப்ப கவனிக்க வேண்டியது வருஷத்தை. சோனிங் பரவுனது 1920கள்ல. ஆனா நாம "ஹிஸ்டாரிக்"னு சொல்ற கடைத்தெரு பெரும்பாலும் 1800கள்ல கட்டுனது. அதாவது தெரு முதல்ல வந்துச்சு, ரூல் பின்னாடி வந்துச்சு, அதுவும் 1950, 60கள்ல எல்லாரும் கார் வாங்கி ஊருக்கு வெளிய வீடு கட்டிப் போன காலத்துல அந்தப் புது வீட்டு மனைகளை மனசுல வச்சு எழுதுன ரூலை பல ஊர்கள் அப்படியே எடுத்து மெயின் ஸ்ட்ரீட் மேலயும் போத்திட்டாங்க. முன்னாடி இவ்வளவு அடி விடணும், பக்கத்துல இவ்வளவு விடணும், மனையில இத்தனை சதவீதத்துக்கு மேல கட்டக் கூடாது, கடைக்கு மேல குடியிருக்கக் கூடாதுன்னு. பழைய கடைத்தெருவைப் பாருங்க, கடைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், வாசல் நேரா நடைபாதையில திறக்கும், மேல கடைக்காரர் குடும்பமே குடியிருந்த வீடு இருக்கும், கார் நிறுத்த ஒரு அடி கூட இருக்காது. அந்தத் தெருவை அழகுன்னு போஸ்ட்கார்ட் அடிச்சு விக்கிற அதே ஊர்ல, அந்தத் தெருவை இன்னைக்குப் புதுசா கட்டணும்னு அப்ளை பண்ணா ஊர் ரூல்படியே நிராகரிச்சுடுவாங்க. எனக்கு இந்த விஷயத்துல இதுதான் தீராத ஆச்சரியம்.

அப்ப பழைய கட்டடங்க எப்படி நிக்குது? ரூலுக்கு முன்னாடியே இருந்ததால விட்டு வச்சிருக்காங்க, லீகல் நான்கன்ஃபார்மிங்னு அதுக்குப் பேர், பேச்சு வழக்குல கிராண்ட்ஃபாதர்டுன்னு சொல்லுவாங்க. ஆனா அந்த சலுகை கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. தீ பிடிச்சு பாதிக்கு மேல எரிஞ்சு போனா பல ஊர்கள்ல பழையபடி திருப்பிக் கட்ட முடியாது. ஒரு வருஷம் மாதிரி குறிப்பிட்ட காலத்துக்கு மூடிக் கிடந்தா பழைய உபயோகத்துக்கான உரிமையே போயிடும். தாத்தா காலத்து ரிப்பேர் கடை ஒண்ணு வீட்டு ஏரியாவுல இருந்து, மகன் ரெண்டு வருஷம் பூட்டி வச்சுட்டுத் திறக்க வந்தான்னா, அவன் இப்ப புதுசா அனுமதி கேக்கிற ஆள்.

பார்க்கிங் கணக்கைத்தான் நான் முக்கியமா சொல்லணும், ஏன்னா கடைத்தெருவை உண்மையில வடிவமைக்கிறது ஆர்க்கிடெக்ட் இல்ல, அந்த ஒரு பக்க டேபிள்தான். 2,000 சதுர அடியில ஒரு சாப்பாட்டு ஹோட்டல்னு வச்சுக்கோங்க. 1,000 சதுர அடிக்கு 10 கார்னு ரூல் இருந்தா 20 கார் நிக்கணும். ஒரு கார் நிக்க, திரும்ப, வெளிய போக எல்லாம் சேத்து 300லேர்ந்து 350 சதுர அடி ஆகும். ஆக 2,000 சதுர அடி ஹோட்டலுக்கு 6,000, 7,000 சதுர அடி பார்க்கிங். அந்த இடம் எங்கேர்ந்து வரும், பக்கத்துக் கட்டடத்தை வாங்கி இடிச்சாத்தான். பல ஊர் மெயின் ஸ்ட்ரீட்ல நடுநடுவுல பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை தெரியுதே, அது வெறும் அலட்சியம் மட்டும் இல்ல, ரூலே இடிக்கச் சொல்லுச்சு. கலிஃபோர்னியாவுல யூசிஎல்ஏங்கற யுனிவர்சிட்டியோட பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க இதையே சொல்லிக்கிட்டிருந்தார், இந்த எண்களுக்குப் பின்னாடி உருப்படியான கணக்கே இல்ல, ஒரு ஊர் இன்னொரு ஊரைப் பாத்து காப்பி அடிச்சதுதான்னு. 2017ல பஃபலோ சிட்டி ஊர் முழுக்க குறைந்தபட்ச பார்க்கிங் ரூலையே தூக்குச்சு. சின்ன வில்லேஜ்கள்ல பாதி வழியா, கார் இடம் கொடுக்க முடியலைன்னா அதுக்கு இவ்வளவு பணம் கட்டு, அதை வச்சு ஊர் பொதுவா ஒரு பார்க்கிங் போடும்னு ஏற்பாடு வச்சிருப்பாங்க. இது கொஞ்சம் பரவால்ல. ஆனா தொகையை எக்கச்சக்கமா வச்சுட்டா அதுவும் வேற பேர்ல ஒரு தடைதான்.

சரி, போர்டுகளுக்கு வருவோம். நியூயார்க் மாநில வில்லேஜ் சட்டத்தை வச்சே சொல்றேன், மத்த மாநிலங்கள்ல பேரும் நாளும் மாறும், எலும்புக்கூடு ஏறக்குறைய இதேதான். ரூல் எழுதுறதும் மாத்துறதும் டிரஸ்டீஸ் போர்டு, அதாவது மேயரும் மெம்பர்களும், இவங்கதான் ஓட்டு வாங்கி வந்தவங்க. இருக்கிற ரூலுக்குள்ள ஒரு பிளான் சரியா அமையுதா, வண்டி எங்க திரும்பும், தண்ணி எங்க வடியும், விளக்கு பக்கத்து வீட்டு ஜன்னல்ல அடிக்குமான்னு பாக்கிறது பிளானிங் போர்டு. ரூலை மீற ஒருத்தர் விதிவிலக்கு கேட்டா அதை விசாரிக்கிறது சோனிங் போர்டு ஆஃப் அப்பீல்ஸ். இந்தக் கடைசி ரெண்டும் நியமனம் ஆனவங்க, பெரும்பாலும் ஊர்லயே இருக்கிற பல் டாக்டர், ரிட்டயர்டு டீச்சர், வக்கீல் மாதிரி ஆளுங்க, வேலை முடிச்சு வந்து உக்காந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வரைபடம் பாக்கிறவங்க. எந்தப் போர்டும் இன்னொரு போர்டோட வேலையைச் செய்ய முடியாது, செஞ்சா கோர்ட்ல நிக்காது.

விதிவிலக்கு, அதாவது வேரியன்ஸ், ரெண்டு வகை. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் பாதி சண்டை. அளவுல விலக்கு கேட்டா, அஞ்சடி குறையுது, ரெண்டடி உசரம் கூடுதுன்னா, அது ஏரியா வேரியன்ஸ். அப்ளிகண்டுக்கு வர்ற நன்மை பெருசா, அக்கம்பக்கத்துக்கு வர்ற கெடுதல் பெருசான்னு எடை போட்டுப் பாப்பாங்க, வேற வழி இருக்கா, கேக்கிற அளவு ரொம்ப அதிகமா, இந்த நெருக்கடியை அவரே உண்டாக்கிக்கிட்டாரான்னு அஞ்சு கேள்வி இருக்கு, எல்லாத்துலயும் பாஸ் பண்ணணும்னு இல்ல. ஆனா கடை ஏரியாவுல அனுமதிக்காத உபயோகத்தையே கேட்டா அது யூஸ் வேரியன்ஸ், அது இரும்புக் கதவு. அனுமதிச்ச எந்த உபயோகத்துலயும் நியாயமான வருமானம் வராதுன்னு கணக்கு வழக்கோட காட்டணும், அந்தக் கஷ்டம் இந்த இடத்துக்கே உரியதா இருக்கணும், ஏரியாவோட தன்மை மாறக் கூடாது, தானா தேடிக்கிட்ட கஷ்டமா இருக்கக் கூடாது, நாலுல ஒண்ணு தவறினாலும் கிடையாது. 1939ல நியூயார்க் கோர்ட் ஒரு கேஸ்ல சொன்னதுதான் இதுக்கு வேர். "பக்கத்து ஆளுக்கு குடுத்தாங்க, எனக்கு ஏன் இல்ல"ன்னு கேக்கிறவங்க, அவர் கேட்டது எந்த வகைன்னு முதல்ல விசாரிக்கணும்.

இன்னொரு பேர் இருக்கு, ஸ்பெஷல் பெர்மிட். ஸ்பெஷல்னு கேட்டதும் ஏதோ தயவு காட்டிக் குடுக்கிறதுன்னு தோணும், உண்மை தலைகீழ். அந்த உபயோகம் இந்த ஏரியாவுக்குப் பொருந்தும்னு ரூலே ஏத்துக்கிட்டாச்சு, நிபந்தனையை நிறைவேத்துனா போதும். அதனால இருநூறு பேர் கையெழுத்து போட்ட மனுவை நீட்டி "எங்களுக்கு வேண்டாம்"னு மட்டும் சொன்னா, அதை வச்சு போர்டு மறுத்தா கோர்ட் அந்த மறுப்பை ரத்து பண்ணிடும். பொத்தாம்பொதுவான எதிர்ப்புக்கு அங்க மதிப்பில்ல, ஒரு டிராஃபிக் இன்ஜினியர் அளந்து சொல்ற எண்ணுக்கு இருக்கு. கை தட்டலை விட எண்ணுக்கு எடை அதிகம்.

அடுத்தது ஹிஸ்டாரிக். இதுல ஊருக்கு ஊர் ஒரே தப்பு நடக்குது. வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கு மத்திய அரசு வச்சிருக்கிற பட்டியலான நேஷனல் ரெஜிஸ்டர்ல பேர் இருக்கு, வெண்கலப் பலகை மாட்டியிருக்கு, அதனால இடிக்க முடியாதுன்னு நம்புறாங்க. 1966 சட்டத்துல வந்த அந்தப் பட்டியல், ஓனர் தன் சொந்தக் காசுல தன் கட்டடத்தை இடிக்கிறதைத் தடுக்காது. மத்திய அரசோட பணமோ அனுமதியோ கலந்திருந்தாத்தான் அது கேள்வி கேக்கும். நிஜமான பல்லு இருக்கிறது ஊரே போட்டுக்கிற உள்ளூர் சட்டத்துக்குத்தான். இதை முதல்ல செஞ்சது தென் கரோலினாவுல சார்ல்ஸ்டன், 1931ல. நியூயார்க் சிட்டியில பென் ஸ்டேஷன்ங்கற பழைய ரயில் நிலையத்தை 1963ல இடிக்க ஆரம்பிச்சப்ப ஊரே பதறி 1965ல லேண்ட்மார்க் சட்டம் போட்டாங்க, அந்தச் சட்டத்தை வச்சு கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்து மேல அம்பது மாடிக்கு அதிகமா டவர் கட்டுறதைத் தடுத்தாங்க, ரயில்வே கம்பெனி கேஸ் போட்டுச்சு, 1978ல சுப்ரீம் கோர்ட் நகரம் செஞ்சது சரின்னுச்சு. இன்னைக்கு ஒரு குட்டி வில்லேஜ் உங்க கடை முகப்பைக் கேள்வி கேக்க முடியுதுன்னா அதோட பலம் அந்தத் தீர்ப்புலேர்ந்துதான் வருது.

ஆனா அந்த உள்ளூர் சட்டத்தை அமல் பண்ற ஹிஸ்டாரிக் போர்டு எதைப் பாக்கும்ங்கறதுல எல்லை உண்டு. வெளித்தோற்றம். ஜன்னல் மரமா பிளாஸ்டிக்கா, கடைப் பெயர்ப்பலகையில எழுத்து எவ்வளவு பெருசு, செங்கல்ல பெயிண்ட் அடிக்கலாமா, புதுசா சேக்கிற பகுதி பழசை அமுக்காம இருக்கா. உள்ள என்ன வியாபாரம் நடக்குதுன்னு இவங்க கேக்க முடியாது. நூறு வருஷக் கட்டடத்துல வேப் (இ-சிகரெட்) கடை வந்தா முகப்பைக் கெடுக்காத வரைக்கும் இவங்களுக்குக் கேள்வி இல்ல. அதுபோலவே சோனிங் முழுசா அனுமதிச்சதை இந்த போர்டு ஜன்னல் விஷயத்துல மாசக்கணக்கா நிறுத்தி வைக்கவும் செய்யும், சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டார்ங்கற கதைதான். எனக்கு இவங்க மேல மரியாதை உண்டு, ஆனா பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மூணு மீட்டிங் நடத்துற இதே போர்டு, கூரை ஒழுகி ஒழுகி சுவரே சரியட்டும்னு காத்திருக்கிற ஓனரை ஒண்ணும் பண்ண முடியாம நிக்கிறதைப் பாக்கும்போது சலிப்பா இருக்கு. வேணும்னே பாழாக விடுறதைத் தடுக்கிற ரூல் சில ஊர்ல காகிதத்துல இருக்கு, அமல் பண்ண ஆளும் பணமும் வேணுமே.

பணம்னதும் ஒண்ணு சொல்லிடறேன், ரெஜிஸ்டர்ல இருக்கிறதுக்கு பல்லு இல்லைன்னாலும் பர்ஸ் இருக்கு. வருமானம் தர்ற பழைய கட்டடத்தை அவங்க தரத்துக்குச் சீரமைச்சா, தகுதியான செலவுல 20 சதவீதம் மத்திய அரசு வரியில கழிச்சுக்கலாம், இப்ப அஞ்சு வருஷமா பிரிச்சுத் தர்றாங்க. அஞ்சு லட்சம் டாலர் செலவுன்னா ஒரு லட்சம், வருஷத்துக்கு இருபதாயிரம். பயமுறுத்துறதை விட இதுதான் அதிகக் கட்டடத்தைக் காப்பாத்தியிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

உள்ள என்ன கடை வரலாம்னு ஊர் முடிவு பண்ணவே முடியாதான்னா, முடியும், ஆனா ஆளைப் பாத்து இல்ல, உபயோகத்தைப் பாத்து. கலிஃபோர்னியா கடற்கரையில கார்மெல்-பை-த-சீ இதுக்கு நல்ல பாடம். தன்னை வில்லேஜ்னுதான் சொல்லிக்கும். 1929லயே வியாபாரம் குடியிருப்புக்குக் கீழ்ப்பட்டதுதான்னு சட்டத்துல எழுதி வச்ச ஊர், ஒரே மாதிரி மெனு, ஒரே மாதிரி போர்டு, ஒரே யூனிஃபார்ம்னு வர்ற செயின் ரெஸ்டாரண்டுகளுக்கு 1980கள்ல கதவைச் சாத்துச்சு. அதாவது "இந்தக் கம்பெனி வேண்டாம்"னு எழுதல, அப்படி எழுதுனா செல்லாது, "அச்சுல வார்த்த மாதிரி இருக்கிற கடை வேண்டாம்"னு எழுதுனாங்க. மாசசூசெட்ஸ்ல நான்டக்கெட் தீவு 2006ல டவுன் மீட்டிங்ல ஓட்டுப் போட்டு தன்னோட பழைய கடைத்தெருவுக்கு இதே மாதிரி ஒரு ரூல் கொண்டு வந்துச்சு. கார்மெல்லதான் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் ரெஸ்டாரண்ட் பக்கத்துல ஒரு கடைக் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காம ஊர் மேல கேஸ் போட்டார், அப்புறம் 1986ல மேயர் தேர்தல்லயே நின்னு ஜெயிச்சார். அதே வருஷம் மிஷன் ராஞ்ச்ங்கற பழைய பண்ணையில அபார்ட்மெண்ட் வர இருந்தப்ப தன் காசைப் போட்டு அந்த இடத்தை வாங்கிட்டார். அவருக்கு முடிஞ்சுது. மத்தவங்களுக்கு டேபிள்தான் கதி.

எல்லாரும் மறக்கிற ஒண்ணு பூமிக்கடியில இருக்கு. சீவேஜ். நியூயார்க்ல லாங் ஐலண்டோட சஃபோக் கவுண்டியில பெரும் பகுதிக்கு சாக்கடைக் குழாயே கிடையாது, செப்டிக் டேங்க், செஸ்பூல்ங்கற கழிவுக் குழிதான். அந்த மாதிரி ஊர்ல சோனிங் என்ன அனுமதிச்சாலும் ஹெல்த் டிபார்ட்மெண்ட் தண்ணிக் கணக்கு போட்டு, துணிக்கடை சரி ஹோட்டல் முடியாதுன்னு சொல்லிடும், மேல வீடும் வராது. அங்க பேச்சோக் வில்லேஜ் கடைத்தெரு திரும்ப உசுர் பிடிச்சதுக்கு, சொந்தமா கழிவுநீர் ஆலை இருந்து அதைப் பெருசாக்குனது ஒரு பெரிய காரணம். மாடிகள் காலியா கிடக்கிறதும் இப்படித்தான், ஓனர் பேராசைன்னு திட்டுறோம், தீ பாதுகாப்பு ரூல் கேக்கிற ரெண்டாவது படிக்கட்டும் ஸ்பிரிங்க்ளரும் போட ஆகிற செலவை அந்த வாடகை தாங்காது.

கீழ்த்தளத்துல சில்லறை வியாபாரம் மட்டும்தான்னு ஒரு ரூல் பல ஊர்ல இருக்கு. பேங்கும் ரியல் எஸ்டேட் ஆபீசும் வரிசையா வந்து தெருவைச் செத்த தெருவா ஆக்கிடக் கூடாதேன்னு நல்ல எண்ணத்துல எழுதுனது. இப்ப ஜனங்க ஆன்லைன்ல வாங்குறாங்க, சில்லறைக்கடை போட ஆள் இல்ல, டான்ஸ் கிளாஸ் நடத்தவும் பிசியோதெரபி வைக்கவும் ஆள் வர்றாங்க, ரூல் விடாது, கண்ணாடிக்குப் பின்னாடி "ஃபார் ரெண்ட்" அட்டை வெளுத்துக்கிட்டே இருக்கு. இந்த ரூலை டிரஸ்டீஸ் ஒரு மீட்டிங்ல மாத்தலாம். அந்த மீட்டிங்குக்கு எத்தனை பேர் போறோம்?

அங்க போனா எவ்வளவு பலம்னு ஒரு கணக்கு பாருங்க. நியூயார்க் வில்லேஜ் சட்டப்படி, சோனிங் மாத்துற இடத்துல 20 சதவீத நிலத்துக்குச் சொந்தக்காரங்க எழுத்துல எதிர்ப்பு குடுத்துட்டா சாதாரண மெஜாரிட்டி போதாது, நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும். மேயரோட சேத்து அஞ்சு பேர் போர்டுன்னா மூணு ஓட்டு பத்தாது, நாலு வேணும். ஒரு சின்ன கடைத்தெருவுல 20 சதவீதம்னா சில ஓனர்கள் சேந்தா முடிஞ்சுது. நல்ல மாற்றத்தை மூணு ஓனர் சேந்து முடக்குறதுக்கும் இதே கத்திதான் உதவுதுங்கறதையும் சொல்லணும்.

அந்த மீட்டிங் நோட்டீஸ் லோக்கல் பேப்பர்ல கடைசிப் பக்கத்துல, ஏலம், டெண்டர் எல்லாத்துக்கும் நடுவுல எறும்பு எழுத்துல வரும். "சாப்டர் இத்தனையில செக்‌ஷன் இத்தனை திருத்தம்"னு இருக்கும், உங்க தெரு பேர் கூட இருக்காது. அப்ளிகேஷன் வந்த பிறகு சோனிங் போர்டு ஹியரிங் முடிச்சா 62 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், முடிவை வில்லேஜ் கிளார்க் ஆபீஸ்ல பதிவு பண்ணதுலேர்ந்து கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான். பெரும்பாலானவங்களுக்கு விஷயம் தெரியறது கட்டடத்தைச் சுத்தி பச்சைத் துணி வேலி ஏறுற அன்னைக்கு, அப்ப அந்த 30 நாள் எப்பவோ முடிஞ்சிருக்கும்.